நாய் வாயை மூடும் அந்த நொடி

வளர்ப்புப் பிராணிகள்: வாசகர் கேள்வி – பதில்

நடைக்கு அழைத்துச் செல்லும் இடத்தில் மயிலையோ மானையோ காட்டெருமையையோ கண்டதும் கட்டுக்கு அடங்காமல் ஓடும் நாய்களைப் பற்றிச் சென்ற இரண்டு மாதங்களில் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கான பதில் சற்று நீளம். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வருவது நல்லது.

கேள்வி: ஐயா, கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூரை ஒட்டிய ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். எங்களிடம் இரண்டு வயதான சிப்பிப்பாறை ஆண் நாய் இருக்கிறது. வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்கும், கூப்பிட்டால் வரும், உட்காரச் சொன்னால் உட்காரும். காலையில் பள்ளத்து ஓரமாக நடைக்குக் கூட்டிப்போய்ச் சங்கிலியைக் கழற்றிவிட்டால் மட்டும், மயிலைக் கண்ட மாத்திரத்தில் பாய்ந்துவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து, நாக்குத் தொங்கத் தானாகவே திரும்பி வருகிறது. வந்ததும் இரண்டு அடி வைக்கிறேன். ஆறு மாதமாக அடித்தும் திருந்தவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?
– வாசகர், கோயம்புத்தூர் மாவட்டம்

பதில்: அடியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மயிலை விரட்டியதற்காக அடித்தோம் என்பது உங்கள் கணக்கு. நாயின் கணக்கு வேறு. ஓடும்போது ஒன்றும் நேரவில்லை, எசமானரிடம் திரும்பி வந்தபோதுதான் அடி விழுந்தது என்றே அது புரிந்துகொள்ளும். ஆறு மாதம் இப்படி நடந்திருந்தால், அரை மணியில் திரும்புகிற நாய் இனி முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளுமே தவிர, ஓட்டத்தைக் குறைக்காது. எவ்வளவு கோபம் இருந்தாலும், திரும்பி வந்த நாயின் கழுத்தைத் தடவிக்கொடுத்துக் கயிற்றை மாட்டுவது ஒன்றுதான் அப்போது செய்யத் தக்கது.

அடுத்தது, இதைக் கீழ்ப்படியாமை என்று நினைப்பதை விட்டுவிடுங்கள். தெற்கத்திக் கரிசல் காட்டில் முயல் பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம் சிப்பிப்பாறை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுவது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஏதேனும் வேகமாக அசைந்தால், யோசிப்பதற்கு முன்பே கால் கிளம்பிவிடும். நாய்களின் நடத்தையை ஆராய்ந்த அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிஞ்சர், வேட்டை என்பதை ஒரு சங்கிலியாக விளக்கினார். கவனிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று கண்ணி கண்ணியாக அது நீள்கிறது. மனிதன் இனங்களை உருவாக்கியபோது இந்தக் கண்ணிகளில் சிலவற்றை முறுக்கேற்றினான், சிலவற்றைத் தளர்த்தினான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி உற்றுப் பார்ப்பதிலும் துரத்துவதிலும் தேர்ந்தது, கடிப்பதில் மந்தமானது. உங்கள் நாய்க்குத் துரத்துகிற கண்ணி இரும்பாக இருக்கிறது. ஒரு கண்ணி அசைந்தால் அடுத்ததை இழுக்கும். அதைவிட முக்கியமாக, துரத்துவதற்கு அந்த ஓட்டமே கூலி. மயில் சிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒவ்வொரு நாள் காலையும் சங்கிலியைக் கழற்றிவிட்டபோது, உங்களை அறியாமலேயே அந்த நாய்க்குச் சம்பளத்தோடு பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள்.

ஆகவே, ஓடத் தொடங்கிய நாயை நிறுத்துவது எப்படி என்ற கேள்விக்கு என்னிடம் நம்பகமான பதில் இல்லை; வேறு யாரிடமும் இருக்கிறது என்று நான் நம்பவும் இல்லை. 2011-இல் லண்டன் ரிச்மண்ட் பூங்காவில் மான் கூட்டத்தை விரட்டிய ஒரு லாப்ரடாரின் பின்னால், அதன் பெயரைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே உரிமையாளர் ஓடிய காணொளியை உலகமே பார்த்துச் சிரித்தது. நாய் வளர்ப்பவர்களுக்கு அதில் சிரிப்பு வராது. நாம் தலையிடக்கூடிய நேரம் ஓட்டத்துக்கு முன்பு இருக்கிற ஓரிரு நொடிகள்தாம். அந்த நொடிகளைக் கண்டுபிடிக்க, மயிலைப் பார்க்காமல் நாயின் முகத்தைப் பார்க்கப் பழகுங்கள்.

நடந்துகொண்டிருக்கும் நாய் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருக்கும். எதையாவது கண்டதும் காதுகள் முன்னோக்கித் திரும்பும். இதுவரை பரவாயில்லை, கூப்பிட்டால் ஒரு காதாவது உங்கள் பக்கம் திரும்பும். அடுத்து நாக்கு உள்ளே போய், வாய் டப்பென்று மூடிக்கொள்ளும். இளைப்பு நின்றுவிடும். வால் முதுகோடு ஒரே கோட்டில் விறைத்து நிற்கும். உடம்பின் பாரம் முன்கால்களுக்கு வரும். சில நாய்கள் ஒரு முன்காலைத் தூக்கி மடக்கிக்கொள்ளும். வாய் மூடிய பிறகு நீங்கள் சொல்லும் எந்தச் சொல்லும் உள்ளே போகாது. காது திரும்புவதற்கும் வாய் மூடுவதற்கும் இடைப்பட்ட சிறு இடைவெளியில்தான் உங்கள் வேலை முழுவதும் இருக்கிறது. அந்த இடைவெளியை நீளச் செய்வது தூரம். முப்பது அடியில் மயில் நின்றால் அரை நொடிகூடக் கிடைக்காது. முந்நூறு அடியில் நின்றால் தாராளமாகக் கிடைக்கும்.

இனிச் செயல்முறை. முதலில் நாய் அவிழ்ந்து ஓடும் வாய்ப்பை அடியோடு நிறுத்துங்கள். சிப்பிப்பாறைக்கும், அதைப் போன்ற இன்னொரு வேட்டை நாய் இனமான கன்னிக்கும் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால், சாதாரணக் கழுத்துப் பட்டையைப் பின்னுக்கு இழுத்தே உருவிக்கொள்ளும். மார்பைச் சுற்றி அணிவிக்கும் ஹார்னெஸ்தான் இவற்றுக்கு ஏற்றது. அதன் முதுகு வளையத்தில் இருபத்தைந்து முதல் முப்பது அடி நீளமுள்ள கயிற்றைக் கட்டுங்கள். இவ்வளவு நீளக் கயிற்றை ஒருபோதும் கழுத்தில் கட்டக் கூடாது; முழு வேகத்தில் ஓடிக் கயிற்றின் முனையில் சுண்டினால் மூச்சுக்குழாயும் கழுத்தெலும்பும் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. மடிப்பு மடிப்பாக உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். நைலான் கயிறு கையை அறுத்துவிடும். கிணற்றடியில் பயன்படுத்துகிற தடித்த பருத்திக் கயிறு மேல்.

பிறகு கூப்பிடுவதற்கு ஒரு புதிய ஓசை. ‘வா’ என்ற சொல்லை ஆறு மாத அடி கெடுத்துவிட்டது, அதை மறந்துவிடுங்கள். பேருந்து நடத்துநர் ஊதுகிற விசில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் ஒரு முறை ஊதி, வேகவைத்த கோழி ஈரலில் நிலக்கடலை அளவுத் துண்டு ஒன்றைக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, ஒரு வாரம். அடுத்த வாரம் மொட்டை மாடியில், அதற்கடுத்து வாசலில், பிறகு மயில் இல்லாத உச்சி வேளையில் வரப்பில். விசில் கேட்டால் ஈரல் கிடைக்கும் என்பது ஒரு முறைகூடப் பொய்யாகக் கூடாது. இந்த ஈரல் வேறு எதற்காகவும் கிடைக்கவும் கூடாது.

ஒரு மாதம் கழிந்த பிறகு, நீளக் கயிற்றோடு மயில்கள் மேயும் இடத்துக்கு எட்டத்தில் போய் நில்லுங்கள். நாய் பார்க்கட்டும், தடுக்காதீர்கள். பார்ப்பதே பல நாய்களுக்குப் பாதிப் பசி தீர்ந்த மாதிரி. காது முன்னே திரும்பி, வாய் இன்னும் திறந்திருக்கும்போது மெல்லப் பெயரைச் சொல்லுங்கள். தலையைத் திருப்பி உங்களைப் பார்த்த அந்தக் கணமே ஈரல். மீண்டும் பார்க்க விடுங்கள், மீண்டும் பெயர். நான்கைந்து முறை ஆனதும், நாய் சலித்துப்போகும் முன்பே வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். மூக்கருகே நீட்டிய ஈரலைக்கூட அது கண்டுகொள்ளவில்லை என்றால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். திட்டாமல் ஐம்பது அடி பின்வாங்குங்கள். சில வாரங்களில் ஒரு நாள், நீங்கள் கூப்பிடாமலேயே மயிலைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். பயிற்சி ஏறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஓடும் ஆசைக்கு வடிகாலும் வேண்டும். ஆறடி மூங்கில் கழியின் நுனியில் கயிறும், கயிற்றின் முனையில் ஒரு பழைய துணி முடிச்சும் கட்டித் தரையோடு இழுத்து விளையாடுங்கள். ‘விடு’ என்றால் வாயிலிருந்து விட வேண்டும், ‘இரு’ என்றால் துணி அசைந்தாலும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற ஒழுங்கோடு ஐந்து நிமிடம் போதும். ஒழுங்கில்லாமல் வெறுமனே ஓடவிட்டால் வெறியைத்தான் ஏற்றிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும், சிப்பிப்பாறையைத் திறந்த வெளியில் கயிறின்றி விடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். முன்பு என்னிடம் ஒரு கன்னி நாய் இருந்தது. மூன்று ஆண்டுப் பயிற்சியில் மகா சாது என்று பெயர் எடுத்திருந்தது. ஒரு நாள் மாலை, பெருமை தலைக்கேறி, கயிற்றைக் கீழே போட்டேன். காலடியிலிருந்து ஒரு முயல் எழுந்தது. அது ஓடியதை நான் பார்த்தது நான்கு நொடி இருக்கும். பிறகு ஒரு கதறல்தான் கேட்டது. முள்கம்பி வேலியைக் கவனிக்கவே இல்லை. தொடையில் பதினோரு தையல். வேகமாக ஓடும் இந்த நாய்களுக்கு இலக்கைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. உங்கள் வட்டாரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணறுகள் உண்டு. காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பிகளும் உண்டு. சித்திரை வெயிலில் அரை மணி நேர ஓட்டம் உடல் வெப்பத்தை ஏற்றியே உயிரைக் குடித்துவிடக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை கை தவறி ஓடிவிட்டால், பின்னால் ஓடாதீர்கள். நீங்களும் வேட்டையில் சேர்ந்துவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். விசிலை ஒரு முறை ஊதுங்கள். பிறகு அது எங்கிருந்து கிளம்பியதோ அங்கேயே நில்லுங்கள். பெரும்பாலான நாய்கள் போன தடத்தை முகர்ந்துகொண்டு அதே இடத்துக்குத்தான் வரும். நீங்கள் கிளம்பியே ஆக வேண்டும் என்றால், உடுத்திய துண்டை அந்த இடத்தில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்து பாருங்கள்.

கேள்வி: பெசன்ட் நகர்க் கடற்கரையில் எங்கள் பீகிளைத் தினமும் காலையில் அவிழ்த்துவிடுகிறோம். பறவைக் கூட்டத்துக்குள் ஓடி அவற்றைப் பறக்கவிடுவது அதற்கு விளையாட்டு. இதுவரை ஒன்றையும் கடித்ததில்லை. ஆனாலும் சிலர் எங்களைக் கண்டிக்கிறார்கள். பறவைக்குத்தான் சிறகு இருக்கிறதே, பறந்து போகட்டுமே?
– வாசகி, சென்னை

பதில்: கண்டித்தவர்கள் பக்கம்தான் நானும். அடையாறு முகத்துவாரத்தில் ஈர மணலில் குடுகுடுவென்று ஓடும் உள்ளான்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் கொசு உள்ளான் என்பது சுமார் 25 கிராம் எடையுள்ள பறவை. ஆர்க்டிக் நிலப்பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகிறது. இளவேனிலில் திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை இந்தச் சேற்றிலிருந்துதான் குத்திக் குத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை உங்கள் நாய் கிளப்பிவிடும்போதும் இரண்டு நஷ்டம்: பறக்கச் செலவான கொழுப்பு ஒன்று, அலை வாங்கிய அந்தக் குறுகிய நேரத்தில் தின்ன முடியாமல் போன தீனி மற்றொன்று. உங்கள் நாய் மட்டுமா, அதற்குப் பின்னால் வரும் பத்து நாய்களும் அதையே செய்கின்றன. கடற்கரையை ஒட்டிய வெறும் தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவி, தன் முட்டையை விட்டு எழுந்து கத்திக்கொண்டு வட்டமிடும் நேரமெல்லாம் அந்த முட்டை வெயிலில் வேகிறது.

அடுத்தது ஆமை. பங்குனி ஆமை என்று நம் மீனவர்கள் சொல்லும் ஆலிவ் ரிட்லி, ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையில் இரவில் ஏறி முட்டையிடுகிறது. ஒரு குழியில் நூறு முட்டை அளவில் இருக்கும். பொரிய ஏறத்தாழ ஐம்பது நாள் ஆகும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவெல்லாம் இந்தக் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, நாய்கள் குழியைத் தோண்டிவிடுவதுதான். தெருநாய்கள் செய்வதற்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் பீகிள் மோப்பத்துக்கென்றே பிறந்த இனம், ஆமை முட்டையின் வாசனை அதற்கு ஓர் அழைப்பு. தை பிறந்ததிலிருந்து சித்திரை முடியும் வரை, பொழுது சாய்ந்த பிறகும் விடியும் முன்பும் கடற்கரை மணலில் அதைக் கயிறின்றி விடாதீர்கள்.

‘கடித்ததில்லை’ என்ற சமாதானத்தை மான்கள் இருக்கும் இடங்களிலும் கேட்கிறேன். புள்ளிமானை நாய் தொடாமலேயே கொல்ல முடியும். உயிருக்குப் பயந்து அளவுக்கு மீறி ஓடிய மானின் தசைநார்கள் உள்ளுக்குள்ளேயே சிதையும்; அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். அன்றைக்குத் தப்பிவிட்டதுபோல் தெரிகிற மான் இரண்டு நாள் கழித்துப் புதரடியில் செத்துக் கிடக்கும். நாயின் வாயில் இரத்தம் இல்லை என்பதால் யாரும் நாயைச் சந்தேகிக்கவும் மாட்டார்கள்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கொல்வதோடு, காட்டுயிரை விரட்டுவதும் நாயை ஏவித் துரத்துவதும், அதற்கான முயற்சியும் அடங்கும். மயில் அதன் முதல் அட்டவணையில் உள்ளது. மேலே கடிதம் எழுதிய கோவை வாசகரும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் உண்டு. நாய் தொட்டால்தான் நோய் பரவும் என்பதில்லை. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நச்சுயிரி சிலவற்றின் உடலில் கண்டறியப்பட்டது. காட்டுயிர் உள்ள இடத்துக்கு நாயைக் கூட்டிப்போகிற யாரும், டிஸ்டெம்பர், வெறிநோய் இரண்டுக்கும் தடுப்பூசி போடாமல் வீட்டை விட்டு இறங்கக் கூடாது.

கேள்வி: கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே வீடு. எங்கள் லாப்ரடார் கலப்பு நாய் காட்டெருமையைக் கண்டால் குரைத்துக்கொண்டே கிட்டே போகிறது. சென்ற வாரம் ஓர் ஒற்றைக் காட்டெருமை தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது. நாய் நேராக என் காலடிக்கு ஓடி வந்தது. நான் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து தப்பினேன். நடையையே நிறுத்திவிடவா?
– வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்: தப்பித்தது உங்கள் அதிருஷ்டம் அம்மா. உங்கள் நாய் செய்தது எல்லா நாய்களும் செய்வதுதான். வம்பை இழுத்துவிட்டு, பயந்ததும் உங்கள் பின்னால் வந்து ஒளியும். துரத்தி வருவது கிட்டத்தட்ட ஒரு டன் எடையுள்ள மிருகம். கரடியும் காட்டுப்பன்றியும் குட்டியோடு இருந்தால் இதே கதைதான். யானை நடமாடும் வால்பாறை, கூடலூர்ப் பக்கங்களில் எஸ்டேட் பாதையில் நாயை அழைத்துச் செல்லவே கூடாது என்பது என் கருத்து; குரைப்பைச் சகிக்காத மிருகம் அது.

நடையை நிறுத்த வேண்டாம். நேரத்தையும் கயிற்றையும் மாற்றுங்கள். காட்டெருமைகள் அதிகாலையிலும் மாலையிலும் மேய இறங்குகின்றன. சிறுத்தை அந்தி சாய்ந்ததும் கிளம்பும், அதற்கு நாய் வழக்கமான இரை. பனி விலகி நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போய், மாலை நான்கு மணிக்குள் திரும்பிவிடுங்கள். கோவை வாசகருக்குச் சொன்ன நீளக் கயிறு உங்களுக்கு உதவாது. ஐந்தடிக் கயிறு போதும். செடிகள் இடுப்பு உயரம் இருக்கும் வரிசைகளுக்குள் நுழையாமல் வண்டிப் பாதையிலேயே நடங்கள். ஒவ்வொரு வளைவிலும் நாயை உங்கள் பக்கம் இழுத்து நிறுத்தி, முதலில் நீங்கள் எட்டிப் பாருங்கள். சாணம் புதிதாக, ஆவி பறக்கக் கிடந்தால் அன்றைக்கு அந்தப் பாதை உங்களுடையது அல்ல.

எதிரே நின்றுவிட்டால் கத்தாதீர்கள், கல்லெடுக்காதீர்கள், கைபேசியையும் எடுக்காதீர்கள். நாயின் முகத்தை உங்கள் முழங்காலுக்குப் பின்னால் திருப்பிக்கொண்டு, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். சட்டைப் பையில் எப்போதும் நாலு துண்டு ஈரலோ முட்டையோ வைத்திருந்து, அந்த நேரத்தில் நாயின் வாயை அதால் அடைத்துவிட்டால் குரைப்பு வராது. இதை வீட்டில் மாட்டைக் காட்டிப் பழக்கிவிடலாம். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் மட்டும் போய்விடக் கூடாது. அப்படியும் பாய்ந்துவிட்டால், கேட்கக் கடினமாக இருக்கும், கயிற்றைக் கைவிட்டுவிடுங்கள். நாய்க்கு உங்களைவிட வேகம் அதிகம். அது தனியே ஓடினால் பிழைத்துக்கொள்ள வழியுண்டு. உங்கள் கையோடு கட்டுண்டால் இருவருக்குமே இல்லை.

கேள்வி: பட்டனை அழுத்தினால் கழுத்தில் மின்னதிர்வு கொடுக்கும் பட்டை ஒன்றைக் கடைக்காரர் பரிந்துரைத்தார். ஒரே வாரத்தில் விரட்டுவதை நிறுத்திவிடுமாமே? அது வேண்டாம் என்றால், வாய்க்கூடு மாட்டி அவிழ்த்துவிடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வாங்காதீர்கள். வலி எதனால் வந்தது என்று நாய்க்குத் தெரியாது. அந்த நொடியில் கண்ணில் பட்டதன் மேல்தான் பழி போகும். மயிலை நினைத்து நீங்கள் பட்டனை அழுத்தும்போது நாய் சைக்கிளில் போன சிறுவனைப் பார்த்துக்கொண்டிருந்தால், அன்றிலிருந்து சிறுவர்களைக் கண்டால் உறுமும் நாய் உங்கள் வீட்டில் இருக்கும். துரத்தும் வெறியில் சிறு அதிர்வு உறைப்பதும் இல்லை. அளவைக் கூட்டிக் கூட்டி எங்கே போய் நிற்பீர்கள்? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2010-இலேயே இதைத் தடை செய்துவிட்டார்கள். வாய்க்கூடு கடியைத் தடுக்கும், ஓட்டத்தைத் தடுக்காது. கயிற்றோடு கூடுதல் காவலாக மாட்டலாம். நாய் உள்ளே வாயைத் திறந்து இளைக்கும்படி கம்பிக் கூடையாக இருக்க வேண்டும், துணியால் இறுக்குவது ஆகாது.

கேள்வி: கருத்தடை செய்தால் அணில், ஓணான் விரட்டுவது அடங்குமா?
– வாசகர், மதுரை

பதில்: அடங்காது. துணை தேடி ஊர் சுற்றுவது குறையும். துரத்துவது அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. கருத்தடைக்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு, அவற்றுக்காகச் செய்யுங்கள். அணிலுக்குக் கயிறும் ஈரலும்தான்.

கேள்வி: நடையின்போது எங்கள் நாட்டு நாய் புதருக்குள் கீரியைத் துரத்திப் போய் மூக்கில் கடி வாங்கி வந்தது. மஞ்சள் வைத்துவிட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊசி போட்டிருக்கிறோம். போதுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: போதாது. கீரி வெறிநோயைச் சுமக்கக்கூடிய விலங்கு. மஞ்சளைக் கழுவிவிடுங்கள். கையுறை அணிந்துகொண்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கடி பட்ட நாளைச் சொல்லுங்கள். மீண்டும் தொடர் ஊசி போடுவார். காயத்தைத் துடைத்தபோது உங்கள் கையில் கீறலோ வெட்டோ இருந்திருந்தால் நீங்களும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதருக்குள் கீரி இருந்தால் பாம்பும் இருக்கலாம். அடுத்த முறை மூக்கு திடீரென்று வீங்கினாலோ எச்சில் கொட்டினாலோ, கட்டுப் போடவும் கீறவும் முனையாமல், நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டே போங்கள். மனிதர்களுக்குப் போடும் அதே பாம்புக்கடி முறிமருந்தைத்தான் நாய்க்கும் போடுகிறார்கள். கையிருப்பு உள்ள கால்நடை மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று இப்போதே விசாரித்து, தொலைபேசி எண்ணைக் கயிறு மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.